இரண்டாம் எண் குப்பி

வடக்குத்து, நெய்வேலி
9 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள மாணிக்கத்துக்கு,

உமாராணி எழுதுகிறேன். நீ ஜெர்மனி போய்ச் சேர்ந்துவிட்டாய், குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை என்று உன் மகள் இசைப்பிரியா போனில் சொன்னதாக என் வீட்டுக்காரர், உன் வேலுமணி சார், சொன்னார். எனக்குத்தான் போனில் ஒரு சொல்லும் பிடிபடுவதில்லை. வலது காது முழுசாகப் போய்விட்டது. இடது காதில் மெஷின் வைத்தால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கிறது, போனில் வெறும் இரைச்சல். அதனால் நமக்குள் இனி கடிதம்தான். போட்டோ இருந்தால் மட்டும் என் போனுக்கு அனுப்பு. எழுத்தில் பிழை வருமே என்று கூச்சப்படாதே. இருபத்தெட்டு வருஷம் நம் ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேபில் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதிய கைதானே. நான் திருத்திப் படித்துக்கொள்கிறேன்.

என் முன்னறையை இப்போது பார்த்தால் சிரிப்பாய். பண்ருட்டியில் கல்யாண மண்டபங்களுக்கு டெக்கரேஷன் செய்கிற ஒருவர் தொழிலை விட்டுவிட்டார். அவரிடமிருந்து ஆளுயர ரோமானியத் தூண் இரண்டு வாங்கி வந்தேன். பிளாஸ்டர்தான். இருந்தாலும் உச்சியில் இலை வேலைப்பாடு எல்லாம் உண்டு. சிங்கக் கால் வைத்த மேசை ஒன்றும், புத்தகத்துப் படத்தைக் காட்டி ஒரு ஆசாரியிடம் செய்து வாங்கினேன். சிங்கம் என்று சொன்னேன், பூனை வந்திருக்கிறது. உன் சார் அதற்குப் பால் வைக்கட்டுமா என்று கேட்கிறார்.

அலமாரியில் முப்பத்தொரு குப்பிகள் சேர்ந்துவிட்டன. மருந்துக் குப்பி, அத்தர் குப்பி, பெங்களூரிலிருந்து அஸ்வின் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய ‘ரோமன் பாட்டில்’. அதன் அடியில் பார்கோடு ஒட்டியிருந்தது. பையன் ஆசையாக அனுப்பியது, சொல்லவில்லை. ஒன்றுகூட ரோமானியது இல்லை என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தினமும் தெர்மல் பவர் ஸ்டேஷன் சாம்பல் படிகிறது, தினமும் துடைக்கிறேன்.

மாணிக்கம், நீ இருக்கும் ஊர் என்ன ஊர் என்று உனக்குத் தெரியுமா? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேபில் உட்கார்ந்து உனக்குப் படம் காட்டுவேனே, பாம்பு நெளிந்த மாதிரி கண்ணாடி இழை ஒட்டிய குப்பி, அது அந்தக் கொலோனில் ஊதியது. ரோமானியர் காலத்தில் அங்கே கண்ணாடிப் பட்டறைகள் இருந்தன. ஹிஸ்டரி டீச்சராக முப்பது வருஷம் நான் புத்தகத்தில் தெருத் தெருவாக நடந்த ஊர். கடைசியில் போனது நீ. பொறாமை என்று நினைக்காதே, சந்தோஷமாகத்தான் சொல்கிறேன்.

ஒரு நாள் அருங்காட்சியகத்துக்குப் போய் எனக்காகப் பார். வாய் எப்படி மடித்திருக்கிறது, கைப்பிடி எப்படி ஒட்டியிருக்கிறது, குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது, எல்லாம் எழுது. ‘அழகா இருந்துச்சு’ என்று மட்டும் எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

காடாம்புலியூர்ப் பலா இந்த வருஷம் நல்ல இனிப்பு. பாதிப் பழம் அப்படியே கிடக்கிறது, பங்கு கேட்க நீ இல்லை.

அன்புடன்,
உமாராணி


கொலோன்
2 ஜூலை 2024

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

மாணிக்கம்மாள் வணக்கம் சொல்லி எழுதறது. நீங்களும் சாரும் சொகமா இருக்கீங்களா. இங்க இசை, மருமகன், பாப்பா, நான் எல்லாரும் சொகம். உங்க கடிதம் வர்றதுக்கு பன்னண்டு நாள் ஆச்சு. இசை ஆஸ்பத்திரி டியூட்டி முடிஞ்சு வந்ததும் ரெண்டு பேரும் படிச்சு, பூனக் காலுக்கு சிரிச்சிகினே இருந்தோம்.

நீங்க சொன்னபடி கண்ணாடி பாக்கப் போனேன். இசை லீவு போட்டு இட்டுகினு போனா. எப்பிடி எழுதறதுன்னு தெரியல டீச்சர். உங்க புத்தகத்துல எல்லாம் ஒரே அளவாத் தெரியும். இங்க ஒண்ணு சுண்டுவெரல் மாதிரி இருக்கு, ஒண்ணு நம்ம லேபு ஒரு லிட்டர் பிளாஸ்க் மாதிரி இருக்கு. வாய உள்பக்கமா மடிச்சிருக்காங்க. மடிச்ச எடம் ஒரு பக்கம் தடிமனா, ஒரு பக்கம் மெலிசா இருக்கு. கைப்பிடிய கீழ ஒட்டி, மேல இழுத்து, கழுத்துல மடக்கி விட்டிருக்காங்க. மிச்சக் கண்ணாடி வாலு மாதிரி நிக்குது. குமிழி வயித்துல உருண்டையா இருக்கு, கழுத்துகிட்ட வரவர நீட்டமா ஆவுது. பாம்பு ஒட்டுனதும் பாத்தேன். கண்ணாடிப் பொட்டிமேல என் மூக்கு பட்டுகினே இருந்துச்சுன்னு காவக்காரரு வந்து நின்னுட்டாரு.

இன்னொரு விஷயம். எங்களுக்குக் கீழ் வூட்டுல இங்க்ரிட்டுன்னு ஒரு அம்மா இருக்காங்க. எண்பத்திமூணு வயசு. அவங்க வூட்டுக்காரரு செத்துட்டாரு. அவரு ஏழு பாட்டில் சேத்து வெச்சிருக்காரு டீச்சர். எல்லாம் நீங்க காட்டுவீங்களே, அந்த மாதிரி. அந்தம்மாவுக்குக் கை நடுங்குது, ஒடச்சிடுவோம்னு அஞ்சு வருஷமா தொடவே இல்லயாம். நான் லேபுல கண்ணாடி சாமான் பாத்துகினு இருந்தவன்னு இசை சொல்லியிருக்கா. வந்து தூசி தட்டிக் குடுப்பியான்னு கேட்டாங்க. ஈரம் படக் கூடாதாம், மெத்துன்னு ஒரு பிரஷ் குடுத்தாங்க. மடியில துண்டு விரிச்சு ஒவ்வொண்ணா எடுத்து வெச்சுகினு தட்டினேன்.

அத்தன வருஷத்து சாமான் என் மடியில. எடையே இல்ல டீச்சர். காலி தீப்பெட்டி மாதிரி இருக்கு. வெச்சிருக்கோமா இல்லயான்னு கீழ குனிஞ்சு பாக்க வேண்டியதா இருக்கு.

அவங்க வூட்டுலயும் சிங்கக் கால் மேச இருக்கு. வெள்ளக் கல்லுல செஞ்சது. வெண்கல வெளக்குத் தண்டு ஒண்ணு, பூமால செதுக்குன கல்லு ஒண்ணு செவுத்துல பதிச்சிருக்கு. எல்லாம் ரோமாபுரி மாதிரியே அவரு தேடித் தேடி வாங்குனதாம். உங்க முன்ரூமு ஞாபகம் வந்துச்சு. உங்க தூணு ரெண்டும் அங்க இருந்தா பொருத்தமா இருக்கும்.

சாருக்கு வணக்கம் சொல்லுங்க.

உங்கள்
மாணிக்கம்மாள்


வடக்குத்து, நெய்வேலி
21 ஜூலை 2024, ஞாயிறு

மாணிக்கத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய், சொல்லத்தான் வரவில்லை. இனி ‘பாட்டில்’ என்று எழுதாதே. குப்பி என்று நல்ல சொல் இருக்கிறது.

எடையே இல்லை என்று எழுதியிருந்தாய். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் எடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை என்பது நீ எழுதிய பிறகுதான் உறைத்தது. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. யாரோ ஒருத்தி வீட்டில் போய்த் தூசி தட்டுகிறாயே, இங்கே செய்த வேலை போதாதா? மகள் சம்பாதிக்கிறாள், நீ உட்கார்ந்து சாப்பிடலாம். அவர்கள் இனிக்க இனிக்கப் பேசித்தான் வேலை வாங்குவார்கள். ஒரு குப்பி கீழே விழுந்தால் பழி உன் மேல்தான் வரும்.

போன வாரம் சண்முகப்ரியா மேடம் வீட்டுக் கல்யாணம். ஸ்டாஃப் எல்லோரும் வந்திருந்தார்கள். என்னை ‘ரோமன் டீச்சர்’ என்று கேலி செய்து சிரிப்பார்களே, அதே ஆட்கள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. மாணிக்கம் எப்படி இருக்கிறாள், மாணிக்கம் நிஜமான ரோமன் பாட்டிலைக் கையில் வைத்திருக்கிறாளாமே என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள். நீ மடியில் குப்பியோடு இருக்கும் போட்டோ குரூப்பில் வந்ததாம். நான் அந்தக் குரூப்பில் இல்லை என்று உனக்குத் தெரியும். எனக்கு முதலில் அனுப்பியிருக்கலாம்.

என் தூண்கள் அங்கே இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். உன் சார் அதைப் படித்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உமாராணி


கொலோன்
7 செப்டம்பர் 2024

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

மாணிக்கம்மாள் எழுதறது. மொதல்ல என்ன மன்னிச்சிடுங்க. என் போன எடுத்து போட்டோவ குரூப்புல போட்டது இசை. பெருமையில போட்டுட்டா. உங்களுக்குத்தான் மொதல்ல வந்திருக்கணும், நியாயம்தான். நான் அவளத் திட்டிட்டேன்.

இங்க்ரிட்டம்மா வூட்டுல நான் வேலைக்காரியா போவல டீச்சர், நீங்க கவலப்படாதீங்க. நான் போனா அவங்களே காபி போட்டுக் குடுப்பாங்க. ரெண்டு பேரும் அந்த சிங்கக் கால் மேசையில எதிரெதிரா உக்காந்து குடிப்போம். அவங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவங்க பாஷ நாப்பது வார்த்ததான் தெரியும். ஆனா பேச்சு நிக்கறதே இல்ல. அவங்க வூட்டுக்காரரு எழுதி வெச்ச நோட்டு ஒண்ணு இருக்கு, ஒண்ணு, ரெண்டுன்னு நம்பரு குடுத்து ஒவ்வொரு குப்பியயும் படம் போட்டு வெச்சிருக்காரு. பக்கத்துக்குப் பக்கம் அவங்க காட்டுவாங்க, நான் குப்பியத் தடவிப் பாப்பேன். ஒரு நாளு வெளையாட்டுக்கு என் கண்ணக் கட்டி விட்டாங்க. ஏழையும் கையில குடுக்கக் குடுக்க நம்பரு சொன்னேன். ஒண்ணுகூடத் தப்பல. அந்தம்மா இசையக் கூப்டு, உங்க அம்மா கை பாக்குதுன்னு சொன்னாங்களாம். எனக்கு வெக்கமாப் போச்சு. இதெல்லாம் எனக்கு சொல்லிக் குடுத்தது எங்க டீச்சருன்னு சொல்லச் சொன்னேன்.

இப்ப எழுதறதுக்குக் காரணம் வேற. அந்தம்மா நவம்பர்ல முதியோர் ஹோமுக்குப் போறாங்க. வூட்ட காலி பண்றாங்க. மேச, வெளக்குத் தண்டு, குப்பி எல்லாம் ஏலம் போடற எடத்துக்குப் போவுது. அதுக்கு முன்னாடி ஏழுல ஒண்ண நீ எடுத்துக்கணும், எது வேணும்னாலும் எடுத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. வேணாம்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல.

இசை நாலாவத எடுத்துக்கச் சொல்றா. அது கருநீலம், நேரா நிக்குது, சுத்தி வானவில்லு மாதிரி மின்னுது. பாக்க அதுதான் அழகு. என் கை ரெண்டாவதுகிட்டதான் போவுது. அது பச்சையும் நீலமும் கலந்தாப்ல இருக்கு, கழுத்து கொஞ்சம் சாஞ்சிருக்கு, இழ சுத்தினது பாதியில அறுந்து போயிருக்கு. மேல வெங்காயத் தோலு மாதிரி மெலிசா உரியுது. எடுக்கும்போது ஒரு மாதிரி இருக்கும், எழுதத் தெரியல.

ஆனா எனக்கு என்னா தெரியும். கைக்குத் தோணுது, அவ்ளோதான். ஏழையும் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து உங்க போனுக்கு மட்டும் அனுப்பியிருக்கேன். நீங்க பாத்து சொல்லுங்க. நீங்க எதச் சொல்றீங்களோ அத எடுத்துக்கறேன். ஊருக்குக் கொண்டாந்து உங்க கையில குடுக்கலாம்னு ஆசையா இருந்துச்சு, ஆனா பழைய சாமான் நாடு தாண்ட சட்டம் இருக்காம்.

ஜனவரில தம்பி தனகோட்டி பொண்ணுக்கு முத்தாண்டிக்குப்பத்துல கல்யாணம். வருவேன். வந்து உங்களப் பாக்கறேன்.

உங்கள்
மாணிக்கம்மாள்


வடக்குத்து, நெய்வேலி
22 செப்டம்பர் 2024, ஞாயிறு

மாணிக்கத்துக்கு,

போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று நாள் வைத்திருந்து பார்த்தேன்.

இரண்டாம் எண் வேண்டாம். அது போலி. கழுத்து சாய்ந்திருப்பது, பழகாத ஆள் சமீபத்தில் ஊதியது என்பதைக் காட்டுகிறது. மேலே தோல் மாதிரி உரிவது, அமிலத்தில் ஊறவைத்துப் பழசாகக் காட்டும் வேலை. நான்காம் எண்ணை எடுத்துக்கொள். பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த கண்ணாடிதான் அப்படி வானவில் அடிக்கும். அதுதான் அசல்.

கைக்குத் தோன்றுவதை வைத்து இந்த விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது. இதற்குப் படிப்பு வேண்டும்.

உன் சாருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மற்றவை பிறகு.

உமாராணி


கொலோன்
8 டிசம்பர் 2024

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

மாணிக்கம்மாள் எழுதறது. சாருக்குக் காய்ச்சல் விட்டுச்சா. நீங்க அதுக்கப்புறம் எழுதவே இல்லயே, ஒடம்பு சரியில்லயோன்னு இருக்கு.

நீங்க சொன்ன மாதிரி நாலாவத எடுத்துகினேன். அலமாரிகிட்ட நின்னு நான் அதக் காட்டுனதும் இங்க்ரிட்டம்மா என் மொகத்தையே பாத்தாங்க. நெசமாவா, அதுதான் வேணுமான்னு கேட்டாங்க. ஆமான்னேன். மறுபடியும் ஒரு தடவ கேட்டாங்க. எங்க டீச்சரு போட்டோ பாத்து சொல்லிட்டாங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இசைய விட்டு சொல்லச் சொன்னேன். அவங்க சரின்னு தலையாட்டினாங்க. துணியில சுத்திக் குடுத்தாங்க. அடுத்த வாரம் ஹோமுக்குப் போய்ட்டாங்க.

போன திங்கக்கெழம ஏலக்காரரு வந்து மத்த சாமானெல்லாம் எழுதி எடுத்துகினு போனாரு. எங்க வூட்டுல இருக்கறதுக்கும் எந்தக் காலத்ததுன்னு ஒரு காகிதம் போட்டுக் குடுக்கச் சொல்லி மேல கூப்ட்டோம். நாலாவது குப்பிய எடுத்து ஒரு திருப்பு திருப்புனாரு, வெச்சிட்டாரு. இது நூத்திச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்ல பழசு மாதிரி செஞ்சு வித்ததாம். அந்த வானவில்லும் புகை காட்டி வர வெச்சதாம். ரெண்டாவதுதான் ரோமாபுரி காலத்ததாம். இந்த ஊர்லயே ஊதினதாம். மியூசியத்துக்காரங்க ஏலத்துக்கு விடாம அவங்களே வாங்கிக்கறாங்களாம். அவரு வாயால சொல்லியிருக்கவே வேணாம் டீச்சர். கீழ அத ரெண்டு கையாலயும் அவரு தூக்குன விதத்தப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

ஹோமுக்குப் போய் இங்க்ரிட்டம்மாவக் கேட்டேன். அவங்களுக்கு நாலாவது புதுசுன்னு தெரியுமாம். எனக்கு அந்த நெறம் புடிச்சிருக்குன்னு நெனச்சு, மனசு கெட வேணாம்னு விட்டுட்டாங்களாம்.

இத உங்களுக்கு உடனே எழுதறது, வேற யாரு மூலியமாச்சும் தெரிஞ்சு நீங்க வருத்தப்படக் கூடாதுன்னுதான். தப்பு உங்களுது இல்ல. போட்டோல பாத்து யாராலயும் சொல்ல முடியாது. நான் எடுத்த வெளிச்சம் சரியில்ல, ரெண்டாவதோட வாயக் கிட்டக்க எடுக்கல போல. நீங்க ஒரு தடவ கையில எடுத்திருந்தீங்கன்னா அப்பவே சொல்லியிருப்பீங்க. இசை கோவமா இருக்கா. அவ ஏதாச்சும் மெசேஜ் போட்டா நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. டீச்சருன்னா தப்பே வரக் கூடாதா என்னா. எனக்கு ஒண்ணும் இல்ல.

ஜனவரி அஞ்சாந்தேதி ஊருக்கு வரேன். கல்யாண வேல முடிஞ்சதும் ஒரு நாளு பூரா உங்ககூட இருக்கேன்.

உங்கள்
மாணிக்கம்மாள்


வடக்குத்து, நெய்வேலி
22 டிசம்பர் 2024, ஞாயிறு

மதிப்புக்குரிய மாணிக்கம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. என் மூக்குக்கண்ணாடியைக் காணோம். அதனால் அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து என் இடது காதருகில் படித்தார். முழுசும் படித்து முடித்து மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “ஒரு வார்த்தை உன்னைக் குறை சொல்லல பாரு. என்ன நம்பிக்கை அந்தம்மாவுக்கு உன் மேல.” நான் அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நான் தவறாகப் பார்க்கவில்லை. நீங்கள் எடுத்த வெளிச்சம் நன்றாகவே இருந்தது. இரண்டாம் எண் குப்பியின் வாய், மடிப்பு, குமிழி எல்லாம் தெளிவாக இருந்தன. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் அசல் என்று. நான்காம் எண் போலி என்பதும் தெரிந்தது. மூன்று நாள் வைத்திருந்து பார்த்தேன் என்று எழுதினேனே, அது சந்தேகத்தால் இல்லை. இப்படி எழுதலாமா, எழுத மனம் வருமா என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் வந்தது. எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, வரும் வழியில் மெயின் பஜாரில் காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் குப்பி உங்களிடம் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. வேறு யாரிடம் இருந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். ஒரு பேராசிரியரிடம் இருந்தால் மரியாதையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். அந்த ஜெர்மன்காரம்மாவிடமே இருந்திருந்தால் இன்னும் நல்லது. எங்கள் ஸ்கூல் லேப் அட்டெண்டர் மடியில் அது இருந்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. எழுதுவதற்கே கூசுகிறது, ஆனால் காரணம் அதுதான், அதைவிட நல்ல காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. போதாதற்கு உங்கள் கை கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிறது என்று வேறு எழுதியிருந்தீர்கள். எனக்கு முப்பது வருஷப் படிப்பு. நான் இன்றுவரை ஒரு அசல் குப்பியைக்கூடத் தொட்டதில்லை.

இது முதல் தடவையும் இல்லை. தொண்ணூற்றெட்டில் பிள்ளைகளை அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போனோம். துணைக்கு நீங்களும் வந்தீர்கள். ஆற்றங்கரையில் நீலக் கண்ணாடித் துண்டை மண்ணிலிருந்து எடுத்தது நீங்கள். என்னிடம் கொடுத்தீர்கள், நான் காவலாளியிடம் ஒப்படைத்தேன். மறுநாள் பிரேயரில், உமாராணி டீச்சர் கண்டெடுத்தது என்று சொல்லிக் கை தட்டினார்கள். நான் திருத்தவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி, நான்தான் குனிந்து எடுத்தேன் என்று எனக்கே ஞாபகம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டேன். மத்தியானம் சாப்பிட்ட தட்டை என்னிடம் தராமல் அவரே கழுவி வைத்தார்.

மன்னிப்பு என்று ஒரு சொல்லை எழுதிவிட்டால் எனக்குத்தான் லேசாக இருக்கும். ஜனவரியில் நீங்கள் இங்கே வந்தாலும் வராவிட்டாலும் அது உங்கள் விருப்பம்.

உமாராணி


கொலோன்
9 பிப்ரவரி 2025

உமாராணி அம்மாவுக்கு,

மாணிக்கம்மாள் எழுதறது. நீங்க எழுதுனது நான் ஊருக்குக் கெளம்பறதுக்கு மொதநாளு வந்துச்சு. பையில வெச்சிகினே ஃப்ளைட்டு ஏறினேன். இசைகிட்டக் காட்டல. காட்டினா அவ சும்மா இருக்க மாட்டா.

தம்பி பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. பதினாறு நாளு இருந்தேன். ஒரு நாளு காலையில பஸ் ஏறி வடக்குத்துல எறங்கி உங்க தெருவுக்கு வந்தேன். நீங்க மொட்ட மாடியில துணி காயப் போட்டுகினு இருந்தீங்க. முதுகு வளஞ்சு போச்சு உங்களுக்கு. கீழ இருந்து கூப்ட்டா உங்களுக்குக் கேக்காது, கிட்ட வரணும். கொஞ்ச நேரம் எதிர் வூட்டு வேப்ப மரத்துகிட்ட நின்னேன். கிட்ட வரல. அடுத்த பஸ்ஸப் புடிச்சு முத்தாண்டிக்குப்பம் போயிட்டேன்.

அரிக்கமேட்டு விஷயம் எனக்கு அப்பவே தெரியும். பிரேயர்ல கடைசி வரிசையில நின்னு நானும்தான் கை தட்டினேன். டீச்சரு பேருல வந்தாத்தான் அதுக்கு மரியாதன்னு நெனச்சேன். அது எனக்குப் பெரிசாத் தெரியல, இப்பவும் தெரியல.

நீங்க எழுதியிருந்தது பொறாமதான். அது எனக்குத் தெரியாததா. இருபத்தெட்டு வருஷம் காண்ட்ராக்ட்டாவே இருந்தேன். பர்மனென்ட் ஆவும், பர்மனென்ட் ஆவும்னு சொல்லியே வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. நீங்க குவார்ட்டர்ஸ்ல இருந்து இஸ்திரி போட்ட சேல கட்டிகினு வருவீங்க. பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எத்தினியோ நாளு. ஆனா உங்க டீ கிளாஸ நான் நல்லாத்தான் கழுவி வெச்சேன்.

ரெண்டாவது பாட்டிலு போச்சேன்னும் எனக்கு இல்ல. அது எங்கயும் போவல. மியூசியத்துல வெச்சதும் போய்ப் பாக்கலாம்.

எனக்கு எது தாங்கலன்னா, எனக்குத் தெரிஞ்சுது. மொத தடவ மடியில வெச்சப்பவே தெரிஞ்சுது. உங்க கடிதம் வந்ததும் நான் என் கையத்தான் பொய்யின்னு நெனச்சேன். அந்தம்மா ரெண்டு தடவ கேட்டாங்க. ரெண்டு தடவையும் என் கை வேற சொல்லிச்சு, நான் உங்க பேரச் சொன்னேன். அப்புறம் ரெண்டு மாசம் எதத் தொட்டாலும் எனக்கு நம்பிக்க இல்ல. பாப்பாவுக்குப் பால் சூடு பாக்கறதுக்குக்கூட மருமகனக் கூப்டு கேட்டுகினு இருந்தேன். அறுவத்தோரு வயசுல எனக்குன்னு ஒண்ணு தெரியும்னு அப்பத்தான் தெரிஞ்சுகினேன். நீங்க எடுத்துகினது அத. பாட்டில இல்ல.

நீங்க எனக்கு நீங்கள்னு எழுதியிருந்தீங்க. வேற யாருக்கோ வந்த கடிதாசியோன்னு மேல பேரப் பாத்தேன். அது இனிமே அப்பிடியே இருக்கட்டும்.

நீங்க எழுதினா நான் பதில் போடுவேன். சாரு ஒடம்பு எப்பிடி இருக்கு, உங்க காது எப்பிடி இருக்கு, ஊர்ல யாரு வூட்டுல என்னா விசேஷம், எல்லாம் எழுதுங்க. கண்ணாடியப் பத்தி மட்டும் எனக்கு எழுத வேணாம்.

போன சனிக்கெழம பழைய சாமான் விக்கிற கடையில ஒரு சின்ன பாட்டிலு எடுத்தேன். சுண்டுவெரல் அளவுதான் இருக்கும். கடக்காரரு என்னமோ சொல்ல வந்தாரு, கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டு கண்ண மூடிகினு ரொம்ப நேரம் கையில வெச்சிருந்தேன். வாங்கிகினு வந்துட்டேன். யாருகிட்டயும் கேக்கல.

இப்படிக்கு
மாணிக்கம்மாள்